சனிக்கிழமைக்கு ஒரு பொய்

சல்மியாவில் மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
இங்கே இரண்டே வெளிச்சம்.
பருவுக்கு நீலம்,
வெயில் தின்ற தோலுக்குச் சிவப்பு.
இரண்டுக்கும் சுவிட்ச் என் கையில்.

நாலு மணிக்கு ஷைமா, பதினேழு வயது.
கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு
அக்கா கல்யாணத்துக்குள் போய்விடுமா என்கிறாள்.
தேதி கேட்டுக்கொண்டே
பதினெட்டு நிமிடத்தைத் திருகி வைக்கிறேன்.
நீலம் விழுந்ததும் அவள் முகம்
மீன்தொட்டிக்குள் போய்விடுகிறது.
கையிலிருக்கும் ஃபோன் மட்டும்
வெளியே துடித்துக்கொண்டிருக்கிறது.

அவளுக்குப் பிறகு இஞ்ஞாசிமுத்து.
எண்ணெய்க் குழாய்க்கு நிலம் அளப்பவர்,
பதினாறு கோடை.
கீழுதட்டில் உரிந்து உரிந்து ஆறாத செதில்,
வலது காது விளிம்பில் உப்புத்தாளின் சொரசொரப்பு.
ஹெல்மெட் வார் ஓடிய இடத்தில் மட்டும்
விரல் அகலத்துக்கு வேறொரு ஆள் இருந்தார்,
அவருடைய தம்பி மாதிரி.

டாக்டர் ஹனான் லென்ஸ் வைத்துப் பார்த்து
"இன்னும் ஒன்றும் ஆகவில்லை" என்றார்.
அந்த 'இன்னும்' என்பதைத் தமிழில்
நான் கொஞ்சம் விழுங்கித்தான் சொன்னேன்.

இன்சூரன்ஸ் திருப்பிய தாளில் ஒரே வரி:
அழகுச் சிகிச்சை, ஏற்பதற்கில்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
"வீட்ல காட்டணும்மா.
இத்தன வருசத்துல
அழகுக்குன்னு ஒரு செலவு பண்ணிருக்கேன்."

களிம்பு கெட்ட செல்லாய்த் தேடிப்போய் உட்காரும்,
வெளிச்சம் பட்டால் அங்கே மட்டும் எரியும்,
அதற்குப் பிறகு இரண்டு நாள்
வெயிலே கூடாது என்றேன்.
ஜன்னலோரம்கூட.
"சைட்ல நெழலுன்னா கிரேன் நெழல்தான்.
அதுவும் நகந்துட்டே இருக்கும்."
ஃபோன் வெளிச்சம் பரவாயில்லையா என்று
மெதுவாகக் கேட்டார்.
அது பரவாயில்லை.

காலண்டரை இருவரும் பார்த்தோம்.
வியாழன் இரவு விளக்கு. வெள்ளி விடுமுறை.
சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு பொய் தேவைப்பட்டது.
வயிற்றுப்போக்கு என்று சொல்லுங்கள்,
அதை யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்றேன்.
வேலையில் சேர்ந்து ஆறு வருடத்தில்
என் கைப்பட நான் எழுதித் தந்த ஒரே மருந்து.

வியாழக்கிழமை, சிவப்பு எரியும்போது
மிளகாய் தேய்த்ததுபோல் இருக்கிறது என்றார்.
சின்ன விசிறியை உதட்டருகே பிடித்தேன்.
ஏழாவது நிமிடத்தில் கால் விரல்களை மடக்கினார்.
ஒன்பதாவதில், இதே வெயிலு,
எரிச்சல் இல்லாம பதினாறு வருசம் சுட்டுருக்கே
என்றார். நான் பதில் சொல்லவில்லை.
டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தபோது உதடு புதிதாக இருந்தது.
கேம்ப் அறையில் கம்பளியை ஜன்னலில் அடித்துவிட்டு
இரண்டு பகலும் தூங்கினாராம்.
லிப்ஸ்டிக் போட்டிருக்கிறார் என்று
அறைப் பையன்கள் கும்மாளம் போட்டார்களாம்.
காதுக்கு இன்னொரு தடவை தேவை.
அடுத்த சனிக்கிழமைக்கு
வேறு பொய் யோசித்துவைக்கச் சொல்லிப் போனார்.

இதற்கு நடுவில் என் ரத்தம் வந்தது.
வைட்டமின் டி, ஒன்பது.
இந்த ஊரிலா என்று டாக்டர் ஹனான் சிரித்தார்.
விடியுமுன் பஸ், இருட்டியபின் பஸ்,
நடுவில் நீலம், சிவப்பு.
மாத்திரையோடு
தினமும் பத்து நிமிடம் வெயில் என்று எழுதினார்.

மதியம் பார்க்கிங்கில் போய் நின்றேன்.
யூனிபார்ம் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி,
உள்ளங்கையைத் திருப்பி,
பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு
மனதுக்குள் எண்ணினேன்.
நானூற்றிப் பத்தில் காவலாளி வந்து
காரைத் தேடுகிறீர்களா என்றான்.

எனக்குக் கார் இல்லை.