பேனாக் கோடு

ஓட்டியது நான்.
உடைந்தது அவன்.
லார்ஸ் கணவாய்க்கு நாலு கிலோமீட்டர் கீழே,
உறைபனியில், தக்காளிப் பெட்டிகளோடு.
எனக்கு உதட்டில் ஒரு கீறல்.
தம்பி வாகினாக்குக்கு ஏழு இடம்:
தொடை, முழங்காலுக்குக் கீழே இரண்டு, இடுப்பு, மணிக்கட்டு.
மீதி இரண்டை மறந்துவிடுகிறேன்,
எண்ணும்போதெல்லாம் வேறு வேறு இரண்டு.

திபிலீசியில் ஒன்பது மணி நேரம் அறுத்தார்கள்.
தகடு, திருகு, கம்பி.
காலுக்கு வெளியே ஓர் இரும்புச் சாரம்,
பணம் தீர்ந்துபோய்ப் பாதியில் நின்ற வீட்டுக்குப் போல.

"எலும்பு ஒட்டிவிடும்" என்றார் மருத்துவர்,
"அதற்கு வேலை தெரியும்.
உள்ளே போன மண்ணுக்குத்தான் பயப்படுகிறேன்."

ஓடைக்கரை மண்.
காற்சட்டையைக் கிழித்து வெளியே வந்து
எலும்பு அதன்மேல் படுத்திருந்தது.
பார்த்தேன்.

மூன்றாம் இரவு சூடு முப்பத்தெட்டரை.
நாஸிப்ரோலா போர்வையை விலக்கினாள்.
தையலைச் சுற்றிச் சிவப்பு.
சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து
சிவப்பின் ஓரம் பிடித்தே கோடு இழுத்தாள்,
பக்கத்தில் நேரம்: 1.40.
அவளுக்கு ஆர்மீனியம் வராது, எனக்கு ஜார்ஜியம் வராது.
அரைகுறை ரஷ்யத்தில் சொன்னாள்:
"இது எல்லை. தாண்டினால் கூப்பிடு."

எல்லை எனக்குப் புதிதா?
பத்தொன்பது வருஷம் தடைக்கட்டைகளின் முன்னால்
வண்டிக்குள்ளேயே தூங்கி எழுந்தவன்.
முத்திரை குத்துபவனின் மனைவி பெயர்வரை தெரியும்.
இங்கே சிகரெட் பாக்கெட்டை
யார் கையில் அழுத்துவது?

நகம் வெட்டச் சொன்னாள்.
மூன்று முறை சோப்பு போட்டும்
டீசல் கறுப்பு விரல் இடுக்கில் இருக்கிறது.
கம்பி முனைகள் எட்டு, பஞ்சு எட்டு.
ஒன்றைத் தொட்டது இன்னொன்றைத் தொடக்கூடாது.
என் அம்மாவின் சமையலறையில்கூட
இவ்வளவு சுத்தமாக நான் நின்றதில்லை.

நடுவில் கண் விழித்தான்.
"தக்காளி?"
"ரோட்டுக்குப் போச்சு."
"எல்லாமா?"
பனிமேல் அது எவ்வளவு தூரம் உருண்டது என்று
நான் சொல்லவில்லை.

4.10.
கைபேசி வெளிச்சத்தில் குனிகிறேன்.
மூன்று பக்கம் உள்ளேயே நிற்கிறது.
முழங்காலின் உள்பக்கத்தில் மட்டும்
கோட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது,
இன்ஜின் அணைக்காத லாரி மாதிரி.
தாண்டியதா?
பேனா மையை என் கட்டைவிரல் கலைத்ததா?
மணியை அழுத்துகிறேன்.
நடைவழியில் ரப்பர் செருப்புச் சத்தம்.

முதல் கோட்டை அழிக்காமல்
இரண்டாவதைப் போடுகிறாள், நேரம் எழுதுகிறாள்.
புது மருந்துப்பையைத் தொங்கவிட்டு
மருத்துவரைக் கூப்பிடப் போகிறாள்.

வாகினாக் கண் திறக்காமலே கேட்கிறான்:
"எந்தப் பக்கம் இருக்கோம்?"