எடைக்குப் போடு

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
கண்டெய்னரைத் திறந்ததும்
யாரோ ஒருவருடைய அலுவலக வாசனை.

பதின்மூன்று கிலோவில் ஒன்று வந்தது போன வாரம்.
தையல் மெஷின் மூடி, கைப்பிடி,
ஃபிளாப்பிக்கு இரண்டு வாய்.
பேட்டரியே கிடையாது.
தூக்கிக்கொண்டு அலையலாம் என்று விற்றிருக்கிறார்கள்.

பிறகு வந்தவை வற்றிக்கொண்டே வந்தவை.
ஒன்றில் கோலிக்குண்டு உருளும்.
ஒன்றில் விசைகளுக்கு நடுவே சிவப்பு மரு.
ஒன்று சீடி நாக்கை நீட்டும்,
அதில் யாரோ எடுக்க மறந்த கல்யாணம்.

நான் திருகு எண்ணுகிறவன்.
நாற்பத்தேழு. இருபத்திரண்டு. பத்து.
இப்போது வருவதில் ஏழே ஏழு, மிச்சம் பசை.
மெமரியைப் பலகையோடு பற்றவைத்துவிட்டான்.
அது மெலிய மெலிய
என் சம்பளமும்.

"மடிக்கணினின்னா மடியில வைக்கிறதா, மடிக்கிறதா?"
எதிர் மேஜை ஸஜிக்கு நேரம் போகவில்லை.
"எங்க நாட்டுல மடின்னா சோம்பல்."
எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது ஒரு காலத்தில், என்றேன்.
நான்காவது அர்த்தத்தைச் சொல்லவில்லை.
இருவருக்கும் நடுவில்
உப்பிய பேட்டரி ஒன்று கிடந்தது.

இரவு ஷிப்டில் பதின்மூன்று கிலோவுக்கு
மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன்.
வாயில் ஒரு ஃபிளாப்பி இருந்திருக்கிறது.
இருமி, கரகரத்து,
ஆரஞ்சு எழுத்தில் தேதி கேட்டது.
அது நினைத்துக்கொண்டிருந்தது 1-1-1980.
நான் பிறக்கப் பதினோரு வருஷம் இருந்தது.

இன்றைய தேதியை அடித்தேன்.
ஒப்புக்கொண்டது,
இடையில் எங்கே போனது எல்லாம் என்று
ஒரு வார்த்தை கேட்காமல்.

காலையில் இர்ஷாத் பாய் வந்தார்.
இரும்பு இன்றைக்கு நல்ல விலை என்றார்.