எழுபத்திரண்டில் ஒன்று

டர்பன்டைனில் கரும்பழுப்பு ஒரு சொட்டு.
கட்டஞ்சாயாவை விட நீர்த்திருக்க வேண்டும்.
தூரிகை நுனி தொட்டதுமே
இறக்கையின் தகட்டுக் கோடுகளில்
தானே ஓடிப் போகிறது,
வழி தெரிந்த தண்ணீர்போல.

"ரெண்டாயிரம் குடுத்து வாங்கினத
எதுக்குடே அழுக்காக்குத?"
அண்ணன் ததேயுஸ்
வெளியே நின்று ஜன்னல் கம்பிக்கு
இந்த வருஷம் மூன்றாவது தடவை
பச்சை அடித்துக்கொண்டிருக்கிறான்.
குளச்சல் உப்புக்காற்றுக்குத்
தூரிகையும் வேண்டாம், அளவும் வேண்டாம்.

துரு எப்படி வழியும் என்று பார்க்க
காலையில் துறைமுகத்தில் நின்றேன்.
கட்டிப்போட்ட படகில்
ஆணிக்குக் கீழே நேராக வழிகிறது.
விமானத்தில் அப்படி இல்லை.
அரை மணி காயவிட்டு
பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும்
மூக்கிலிருந்து வாலுக்கு மட்டும்,
காற்று இழுத்துப்போன திசையில்.

இது எங்கேயும் பறக்கவில்லை.
சக்கரத்துக்கு அடியில்
போன வாரத்து மீன்விலை.

நிமிர்ந்தபோது பார்த்தேன்,
இடது இறக்கையில் ஈரத்தோடு
என் கட்டைவிரல் ரேகை.
கணக்குப் போட்டால்
ஓர் ஆள் படுக்கிற நீளம் வரும் விரல்.
குச்சியை எடுத்தேன்.

"அத விடுடே" என்றான் ததேயுஸ்
கம்பிகளுக்கு அந்தப் பக்கமிருந்து,
முழங்கை வரை பச்சை.