தொண்ணூற்றொரு சதவிகிதம்

லெபோ பசாரில் கடைசித் தலையும் இறங்கி
ஷட்டரைப் பாதி இழுத்த பிறகு வருவாள் ஹுய் ஷான்.
கல்லூரி ப்ராஜெக்ட். திங்கள்தோறும்.
"அங்கிள், போனைத் தூக்கிப் பிடிங்க" என்பாள் மலாயில்.
என் மலாயும் அந்த அளவுதான்.

தூக்கிப் பிடித்தால்
கத்தரிக்கோல்மேல் ஒரு சொல் வந்து உட்காரும்.
சிஸர்ஸ்.
அறந்தாங்கியில் தொடங்கிப் பதினாறு வருஷம்
என் கட்டைவிரலில் கிடப்பது. இருப்பது ஒன்று,
பன்மையில் கூப்பிடுகிறார்கள்.
சீப்புக்கு வந்தது. பவுடர் டப்பாவுக்கும்.
எல்லாம் நீல எழுத்தில், நூலில்லாப் பட்டம்போல.

பக்கத்து மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் கோ தெய்ன்
கையோடு கொண்டுவந்த பூரிக்கட்டையை நீட்டினான்.
பேஸ்பால் பேட் என்றது.
அன்றிலிருந்து முதலாளி முதுகுக்குப் பின்னால்
அதை வீசிக் காட்டுகிறான்.

தரையில் குவித்த முடியைக் காட்டினேன். கேட்.
அவள் முகம் சிவந்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.
நான் பூனையைக் கூட்டி அள்ளினேன்.
முடி முறத்துக்குப் போன பிறகும்
சொல் மட்டும் மொசைக்கில் கொஞ்சநேரம் படுத்திருந்தது.

அப்புறம் கண்ணாடி.
உள்ளேயும் ஒரு சீப்பு, ஒரு நாற்காலி,
அவற்றுக்கும் பெயர் உண்டு. நடுவில்
என் நெற்றிக்கு மேலே: பர்சன். 91.
"எண் எதுக்கும்மா?"
"அதுக்கு அவ்வளவு நிச்சயமாம், அங்கிள்."
பெர்மிட்டில் எனக்கு வேறு எண். லெவி ரசீதில் வேறு.
இது மார்க் மாதிரி இருந்தது.
குனிந்தேன், எழுபது. நிமிர்ந்தேன், ஏறியது.
"'ர்'ரை அழுத்தாதீங்க" என்றாள், அவ்வளவுதான்.

நேற்று ஒரு வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்தார்.
ஷார்ட், ஸைடு, ட்ரிம், எல்லாம் தொண்டைவரை வந்தன.
போன் சார்ஜில் கிடந்தது.
இரண்டு விரலை விரித்து, இவ்வளவா என்றேன்.
அவர் தன் விரலைக் கொஞ்சம் நெருக்கி, இவ்வளவு என்றார்.
பேச்சு முடிந்தது. டிப்ஸ் ஐந்து வெள்ளி.

இருந்தும் ராத்திரி, போனும் கையுமாய்
கண்ணாடி முன் நின்றேன்,
விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்தபடி.
88. 63. வாசல் விளக்கும் போனதும் 40.
பிறகு சொல்லே இல்லை.
நான் அதே இடத்தில்தான், தோளில் துண்டோடு.
இருட்டில் நானே சொல்லிப் பார்த்தேன், உரக்க,
'ர்'ரை நன்றாக அழுத்தி.