பாதி மாத்திரை

மடிப்பில் கிழிந்துபோன அந்தச் சீட்டு
என் பேருக்கு எழுதியது.
மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தபின்
குளிக்கவும் கை எழாமல் கிடந்த நாட்களுக்கு.
ஒத்தக்கடை மருந்துக்கடைக்காரர்
தேதியைப் பார்த்ததே இல்லை.
"ரெண்டு அட்டையா, மூணா?" என்பார்,
கொத்தமல்லிக் கட்டு கேட்பதுபோல.

பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் தம்பி
சோலைமலை
ஒருநாள் வேலைக்குப் போகவில்லை.
மறுநாளும்.
சோற்றைத் தொடாமல்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.
எனக்குத் தெரிந்த முதுகு அது.
நானும் அப்படித்தானே கிடந்தேன்.

என் மாத்திரையை
அரிவாள்மனை நுனியில் வைத்து ஒடித்து
பாதியைக் கொடுத்தேன்.
பத்து நாள் பாதி.
சரியாகலையே என்று, அப்புறம் முழுசு.
அட்டை சீக்கிரம் தீர்ந்தது.
எனக்கெதுக்கு, நான்தான் தேறிவிட்டேனே என்று
என்னுடையதை நிறுத்தினேன்.

கப்பலூரில், தையல் மெஷினில்
காலர் பிடிக்கும்போது
மண்டைக்குள் வெடுக்கென்று ஒரு மின்வெட்டு.
தலையைத் திருப்பினால்
பார்வை ஒரு நொடி பிந்தி வந்து சேர்ந்தது.
சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டில் அவன் எழுந்துவிட்டான்.
எழுந்தான் என்றால், அப்புறம் உட்காரவே இல்லை.
மூன்று ராத்திரி
வாசலைக் கழுவினான்,
கழுவியதையே கழுவினான்.
பேசிக்கொண்டே கழுவினான்.
"புள்ள பேசுறான்டி" என்று
அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

நாலாம் ராத்திரி சொன்னான்:
"யானைமலை எந்திரிச்சு நிக்குதுக்கா.
பஸ் ஸ்டாண்டு மைக்கில
எம்பேரச் சொல்லி ஏசுறாங்க.
ஒரு மாசமாவே."

ஒரு மாசமாவே.
அப்படியானால்
சுவர்ப்பக்கம் திரும்பியது துக்கத்தில் இல்லை.
காதைப் பொத்தியிருக்கிறான்.
நான் முதுகை மட்டும் பார்த்தேன்.

அம்மா பாண்டி கோயில் கயிறு கட்டினாள்.
"மைக்கும் இல்ல மண்ணும் இல்ல" என்று
நான் கத்தினேன்.
கத்தியதும் என்னையும்
அவர்கள் பக்கம் சேர்த்துவிட்டான்.
விடிகாலை ரிங் ரோட்டில்
லாரிகளை மறித்து நின்றவனை
தக்காளி வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிவந்தார்.
இடுப்பில் கைலி இல்லை.
அவருடைய துண்டு இருந்தது.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
"என்ன குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.
வெறும் அட்டைகளை மேசையில் வைத்தேன்.
குழிகளை எண்ணினார்.
"உங்களுக்கு வந்தது வேற, இவருக்கு வேற.
இது இவரத் தூக்கி விட்டுருச்சு.
ஆனா நீங்க குடுக்காட்டியும்
அந்தக் குரல் இருந்திருக்கும்."
கடைசி வரியை
ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்று
இன்னும் முடிவுசெய்யவில்லை.
எனக்கும் ஒரு சீட்டு எழுதினார்.
தேதிக்கு அடியில் ரெண்டு கோடு.

இருபத்தாறு நாள் வார்டு.
குரல் போய்விட்டதா என்று கேட்டால்
"பக்கத்துத் தெரு ரேடியோ மாதிரி" என்கிறான்.
டம்ளர் பிடிக்கையில் விரல் நடுங்குகிறது.
எந்நேரமும் பசிக்கிறது.
நாலு பரோட்டா தின்றுவிட்டு
இலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

நேற்று மாட்டுத்தாவணியில் நின்றோம்.
ஒலிபெருக்கி கரகரத்தது.
என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.
"இப்ப எம்பேரச் சொன்னாங்களா?"
பொய் சொல்லிவிடக் கூடாதென்று
நிஜமாகவே காது கொடுத்தேன்.
"எனக்குக் கேக்கலடா. உனக்குக் கேக்குதா?"
"லேசா."
"எனக்கு, பரமக்குடி வண்டி கெளம்புதுன்னு கேட்டுச்சு."
கொஞ்சம் யோசித்தான்.
"பரமக்குடில நமக்கு யாரு இருக்கா?"
"யாரும் இல்ல."
"அப்ப விடு."

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் அவனுக்கு.
நரசிங்கம் ஆர்ச் தாண்டும்போது
மலையை நிமிர்ந்து பார்த்தான், ரொம்ப நேரம்.
என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.
சில்லறையை எண்ணுவதுபோல் இருந்தேன்.