வெண்கலப் பாத்திரம், ஒன்று

செவ்வாய் விடியலில் ஹாமோ சாமியின் மூச்சு நின்றது.
புதன் மதியம் சாவிக்கொத்து என் கைக்கு வந்தது.
பதினேழு சாவி, பதினான்கு பூட்டு.
மிச்சம் மூன்றையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூக்கொழுகும் பாடகச் சிறுவனாய் நார்விச்சுக்கு வந்தவர்.
லத்தீன் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.
ஆயர் சொன்ன கடிதங்களை எழுதினார்,
பிறகு ஆயர் சொல்ல நினைக்காத கடிதங்களையும்.
இருபத்தொன்பதில் ஒரு பங்கு, நாற்பதில் ஐந்து.
ஐந்தில் இரண்டுக்குப் போயிருக்கிறார்,
அதில் ஒன்றுக்கு வழிதவறி.

எழுதுகிறேன்:
நரித்தோல் அங்கி, பூச்சி அரித்தது, நான்கு ஷில்லிங்.
வெள்ளிக் கரண்டி ஆறு. உயிலில் எட்டு.
சமையற்காரன் கூரையைப் பார்க்கிறான்.
சாம்பல் கழுதை, கடிக்கும், விலை போகாது.
திருச்சபைச் சட்டநூல் ஒன்று,
எலி படித்த அளவுக்கு மனிதர் படித்த தடயமில்லை.
நிலவறையில், செங்கல் முட்டுக்கொடுத்து,
வெண்கலப் பாத்திரம், ஒன்று, பெரியது,
விளிம்பில் விரிசல், நிறைய ஓட்ஸ்.
இருபது ஷில்லிங்.

கடன்காரர்கள் வந்தார்கள்,
மெழுகு விற்றவன் அழுதுகொண்டு,
மீன் விற்றவன் சிரித்துக்கொண்டு.
புதிய ஆர்ச்டீக்கன் வந்தார்,
ஒழுகும் கூரைக்கெல்லாம் செத்தவரே பொறுப்பென்று
சட்டத்தைத் தலைகீழாய் ஒப்பித்தார்.
போன வாரம்வரை
இந்த வாசலில் அவர் முதுகு வளைந்தே இருக்கும்.

கடைசியாக ஒரு சதுப்புநிலத்துக்காரி.
குன்னில்ட். முழங்கால்வரை சேறு.
"கடன் இல்லை. எங்கள் மணி வேண்டும்.
விரிசலை அடைக்கிறேன் என்று ஆளனுப்பி எடுத்தார்.
அப்போது என் மூத்தவன் வயிற்றில்.
இப்போது அவனுக்கே நரை.
மூடுபனியில் எதைக் கேட்டுப் படகு கரைசேரும்?
பலகையைத் தட்டிப் பார்த்தோம்.
மூன்று பேர் வரவில்லை."

நான் ஏட்டைப் புரட்டவில்லை.
விளக்கோடு இறங்கி
ஓட்ஸை இரு கையாலும் அள்ளித் தரையில் கொட்டினேன்.
அடியில் மணிநாக்கு, சாக்கில் சுற்றி.
வாசிக்கத் தெரியாதவள்
வெளிப்புற எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினாள்,
சிறுமியாய்த் தடவிய அதே வரிசையில்,
ஓர் எழுத்தில் மட்டும் கொஞ்சம் நின்று.

ஒரு வரியை அடித்தேன்.
சாமியின் ஆன்மாவுக்கு எழுதிய நூறு பூசையில்
அறுபது இனி நடக்காது.
அவர் எங்கே இருந்தாலும் கொஞ்சம் கூடுதலாய்க் காத்திருக்கட்டும்.

வண்டியைக் கழுதை இழுத்துப் போனது.
யாரையும் கடிக்கவில்லை.
மீன்காரன் மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறான்:
"கீழே கொட்டின ஓட்ஸ் யாருக்கு?"