கலக்கல்

செவ்வாய்க்கிழமை. சூலியா தெருவில் மழை.
மாடி ஏறி வந்தவர்கள் மூன்று பேர்,
அதில் ஒருவர் கழிவறைக்கு.

சோம்பு மதுவை முதலில் ஊற்ற வேண்டும்,
பிறகுதான் பீர்.
மாற்றி ஊற்றினால் நுரை பொங்கி
மேசையைக் கழுவும், மானத்தையும்.
இதைக் கற்றுக்கொள்ள எனக்குச் செலவு
பதினொரு கண்ணாடிக் குவளைகள்,
பூன் ஹுவாட்டின் ஒரு வெள்ளைச் சட்டை.

முப்பது மில்லி. பார்த்தால் தண்ணீர்.
கோதுமை பீர் அதன்மேல் இறங்கியதும்
அடியிலிருந்து ஒரு வெண்மை எழுந்து வரும்,
அரிசி களைந்த நீர்போல.
பாலோ மாவோ யாரும் சேர்க்கவில்லை.
உள்ளே இருந்ததுதான்.
இவ்வளவு நேரம் தெளிவாக இருப்பதாக
நடித்துக்கொண்டிருந்தது.

கறுப்பு பீருக்கு வேறு குப்பி:
கிராம்பு, பட்டை, பாலிக் பூலாவ் ஜாதிக்காய்,
ஆறு வாரமாய் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் ஊறுகிறது.
அன்னாசிப்பூ ஒன்றே ஒன்று.
இரண்டு போட்டால் குருமா.

பட்டர்வொர்த்தில் கொள்கலன் எண்ணுகிற இன்பநாதன்
கடைசி ஃபெரிக்கு முன்னால் வருவார்.
பீர் வேண்டாம், ஆனால் பீர் மாதிரி ஏதாவது என்பார்.
வெண்மையை வைத்தேன்.
ஒரு மிடறு. புருவம் ஏறியது.
"வாழையிலைக் கடையில காசு கட்டுற இடத்துல
சின்னக் கிண்ணம் இருக்குமே,
கலர் சீனி ஒட்டினது,
அந்த ருசி" என்றார்.
"இன்னும் சாப்பிடவே இல்ல,
அதுக்குள்ள பில் கட்டின மாதிரி இருக்கு."
சிரித்துக்கொண்டே பாதி லீமாவ் பிழிந்தேன்.
கொஞ்சம் பசி வந்தது அதற்கு.

அப்பாவும் கலந்தார்.
நிபோங் திபாலில், மளிகைக் கடைக்குப் பின்னால்,
கறுப்பு பீரில் சம்சு.
பிளாஸ்டிக் குவளை, விரலே கரண்டி.
எவ்வளவு ஊத்தணும்னு கேட்டால்
"போதும்னு அதுவே சொல்லும்" என்பார்.

அது சொல்லவே இல்லை.

எனக்கும் அவருக்கும் நடுவே இருப்பது
இந்த எவர்சில்வர் அளவை மட்டும்தான்.
விளிம்பு வரை ஊற்றி
ஒரு சொட்டு வழியாமல் கவிழ்ப்பேன்.
நுணுக்கம் என்று ஜப்பான்காரர் ஒருவர் பாராட்டினார்.
பயம் என்று சொல்ல
அவர் மொழி எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு நான் ஓட்டலில் வேலை.
எந்த ஓட்டல், என்ன வேலை,
கேட்டதில்லை.
ஒருநாள் என் சட்டையை ஊறவைக்க எடுத்தவர்
கைப்பகுதியை முகர்ந்து பார்த்தார்.
நான் மூச்சை நிறுத்தினேன்.
"சோம்பு வாசம். சமையல்கட்டுல போட்டுட்டாங்களா?"
"ஆமாம்மா."
"நல்லது" என்று
சோப்பை இரண்டு முறை போட்டார்.

இன்பநாதன் குவளையைக் கவிழ்த்து
ஐஸ்கட்டியை மென்றார்.
"கலக்கிட்டீங்க குமுதா" என்று
குடையை மறந்துவிட்டு இறங்கிப் போனார்.
திரும்பி வந்து எடுத்துக்கொண்டு
மறுபடியும் அதையே சொன்னார்.

பெயர் இல்லாமல் பட்டியலில் ஏற்ற முடியாது என்று
பூன் ஹுவாட் இரண்டு வாரமாய் நச்சரிக்கிறான்.
'பினாங்கு மூடுபனி' என்றான்.
இந்த ஊரில் மூடுபனியை யார் பார்த்தது?
பில் தாளின் பின்பக்கத்தில்
தமிழில் எழுதிக் கொடுத்தேன்.
என்ன அர்த்தம் என்றான்.
கலப்பது, என்றேன். கலங்கியிருப்பது.
பிரமாதம் என்பதற்கும் அதுதான்.
"எல்லாத்துக்கும் ஒரே சொல்லா?"
என்ன செய்வது, சிக்கனமான மொழி.

நாக்கைக் கடித்துக்கொண்டு
கரும்பலகையில் படம் வரைவதுபோல் வரைந்தான்,
முப்பத்தெட்டு ரிங்கிட், வலது ஓரத்தில்.
புள்ளிகளைச் சுண்ணாம்புத் தூசு என்று நினைத்தானோ என்னவோ,
இரண்டையும் விட்டுவிட்டான்.

கலககல.

கலகமா, கலகலப்பா,
வாசிக்கிறவர் பாடு.
அழிக்கத் துணியை எடுத்தேன்.
அந்தத் துணியால் அளவையைத் துடைத்து
கொக்கியில் மாட்டினேன்.